மூன்று பேரிடம் சொன்னேன்

சாமி,

போன செவ்வாய்க்கிழமை காலையில் நீ ஏற்பாடு செய்த ஆள் சேலத்திலிருந்து வந்து என் வலது கையில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் காலையில் உன் அக்கா ஏற்பாடு செய்த ஆள் திருச்செங்கோட்டிலிருந்து வந்து இடது கையில் எடுத்தான். நேற்றுதானே ஒருத்தர் எடுத்தார் என்று அவனிடம் சொன்னேன். அது அவனுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். கட்டைவிரலால் நரம்பைத் தேடிக்கொண்டே, கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னான். இரண்டுக்கும் முடிவு வந்துவிட்டது. ஒன்று உன் போனில் இருக்கிறது, இன்னொன்று கவிதாவின் போனில் இருக்கிறது. அவற்றில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்கள் இருவரில் ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. எல்லாம் இந்தக் கை நடுங்குவதற்காகத்தான். அந்தக் கையால்தான் நாலைந்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன். போகப் போக எழுத்து சிறுத்துவிடும், பொறுத்துக்கொண்டு படி.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ ஆரம்பத்திலேயே, "சரிங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவாய். அதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த விஷயம் அப்படி முடியக் கூடாது. அம்மாவின் கருமாதி அன்று, உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், நீ கவிதாவைப் பார்த்து ஒன்று கேட்டாய். "கூப்பிடற தூரத்துல இருந்துக்கிட்டு எப்படிக்கா அம்மாவ உட்டீங்க?" அவள் கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு நீ ஜெர்மனிக்கு விமானம் ஏறிவிட்டாய். அன்றிலிருந்து நீங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சொல்லாததை நான் சொல்கிறேன். உனக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்கும் இதை எழுதுவது சுலபமாக இல்லை.

மேட்டூரில் வேலையை முடித்துக்கொண்டு மல்லசமுத்திரத்துக்கு இந்தப் பக்கம் வயலுக்கு நடுவே இருக்கிற இந்தக் காட்டு வீட்டுக்கு நாங்கள் வந்தபோது உன் அம்மாவுக்கு நல்ல தெம்பு இருந்தது. தார் ரோடு வரைக்கும் நடந்து போய் பஸ் ஏறுவதற்குத் தெம்பு இருக்கிறவரை இது நல்ல இடம். அது போன பிறகு இது ஒரு தீவு மாதிரி ஆகிவிடுகிறது. முதலில் அவளுக்கு இருதயம் பலவீனமாயிற்று. சேலத்தில் பார்த்தோம். பிறகு சிறுநீரகத்தில் கோளாறு வந்தது. அதற்கு ஈரோட்டில் பார்த்தோம். முட்டிக்குத் திருச்செங்கோடு. மூன்று ஊர், மூன்று டாக்டர், மூன்று பேருமே கெட்டிக்காரர்கள். சேலத்து டாக்டர், தண்ணீரைக் குறையுங்கள், இருதயம் தாங்காது என்றார். ஈரோட்டு டாக்டர், தண்ணீர் நிறையக் குடியுங்கள், சிறுநீரகத்துக்கு அதுதான் நல்லது என்றார். உன் அம்மா என்ன செய்வாள் என்று உனக்குத் தெரியுமே. வெயில் காலத்தில் ஈரோட்டு டாக்டர் பேச்சைக் கேட்டாள், மழைக் காலத்தில் சேலத்து டாக்டர் பேச்சைக் கேட்டாள். "தண்ணி குடிக்கறதுக்கெல்லாமா டாக்டருகிட்ட கேக்கோணும்?" என்று என்னிடம் சண்டை போடுவாள். நான் கண்டித்தால் வாய் கொப்பளிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போய் முக்கால் சொம்பை விழுங்கிவிட்டு வருவாள்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவள் கவிதா. உனக்கு அது தெரியாது, ஏனென்றால் அவள் செய்ததை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒருநாள் சேலத்து டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். எங்கள் முறை வந்து, அவர் பார்த்து முடித்து, அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்துவிட்டார். கவிதா எழுந்திருக்கவில்லை. ஈரோட்டு டாக்டரின் உதவியாளரை ஏற்கெனவே பிடித்து, போனில் அந்த டாக்டரை வரவழைத்து வைத்திருந்தாள். போனைச் சேலத்து டாக்டர் முன்னால் நீட்டினாள். "சார், நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவ பேசிக்குங்க சார். நாங்க யாரு சொல்றதக் கேக்கறதுன்னு தெரியாம இருக்கறோம்" என்றாள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வாங்கிப் பேசினார். பேசப் பேச முகம் மாறியது. அன்றைக்குத்தான் உன் அம்மாவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர், எந்த மாத்திரை எவ்வளவு என்று ஒரே முடிவு கிடைத்தது. நீர் பிரிவதற்குக் காலையில் ஒரு மாத்திரை போடுவாளே, அதுதான் அவள் நுரையீரலில் தண்ணீர் சேராமல் காப்பது என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் கவிதாதான் எல்லாம். திருச்செங்கோட்டில் மாப்பிள்ளையின் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஆபீஸ் வேலையையும் பார்த்துக்கொண்டு, பிள்ளையின் பரீட்சையையும் பார்த்துக்கொண்டு, ஸ்கூட்டரில் வந்து போனாள். எந்த டாக்டர் எதை மாற்றினாலும் மற்ற இரண்டு பேருக்கும் சொல்லிவிடுவாள். அவள் தலைக்குள்ளேயே எல்லாம் இருந்தது. பெரிய மாத்திரையை முதலில் கொடுத்தால்தான் அம்மா விழுங்குவாள், கடைசியில் கொடுத்தால் துப்பிவிடுவாள் என்பது வரைக்கும் தெரியும். ஒரு விஷயம் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள். அம்மா படுக்கும்போது தலைக்கு மூன்றாவது தலையணை கேட்டால் உடனே எனக்குச் சொல்லுங்கள், அது தண்ணீர் ஏறுகிறது என்பதற்கு அடையாளம் என்பாள். இரண்டு தடவை அப்படிக் கேட்டாள். இரண்டு தடவையும் கவிதா அன்றைக்கே சேலத்துக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்துவிட்டாள்.

வீடியோவில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அக்கா இளைத்துவிட்டாள், கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது என்று நீ என்னிடம் வருத்தப்பட்டாய். உண்மைதான். அந்த வருத்தத்தில்தான் நீ சேலத்து கம்பெனியை ஏற்பாடு செய்தாய். வீட்டோடு தங்க ஒரு நர்ஸ் பெண், ஆபீசில் மேற்பார்வைக்கு ஒருத்தர், மாத்திரை கொடுத்ததும் உன் போனில் பச்சைக் குறி. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நர்ஸ் பெண் ஆத்தூர்ப் பக்கத்துக்காரி, நல்ல பெண், உன் அம்மாவைத் தன் அம்மா மாதிரி குளிப்பாட்டினாள். ஆனால் நீ எல்லாம் முடிவு செய்துவிட்டுப் பிறகுதான் கவிதாவிடம் சொன்னாய். அவள் வந்து மாத்திரைப் பெட்டியை அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். தலைக்குள் இருந்ததை யாரும் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை. போகும்போது என்னிடம், "சம்பளத்துக்கு ஆளு வந்தாச்சு இல்லைங்கப்பா. இனி நான் ஒறம்பரையாட்டம் வந்துட்டுப் போறேனுங்க" என்றாள். சொந்த வீட்டுக்கே விருந்தாளியாக வருகிறேன் என்று சொல்லும் அளவுக்கு அவளுக்கு மனசு நொந்திருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்திருக்கும். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் உன் அம்மா குளியலறையில் விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்தது உனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு முன்னால் ரத்த அழுத்தம் இறங்கியிருந்ததால் அந்த நீர் மாத்திரையை நிறுத்தினார்கள். அது சரியான காரியம்தான், நிறுத்தாவிட்டால் ஆபத்து என்று பிறகு எல்லா டாக்டரும் சொன்னார்கள். ஆபரேஷன் செய்தவர்கள், இருதய டாக்டர் பார்த்து மறுபடியும் ஆரம்பித்துவிடுவார் என்று நினைத்தார்கள். இருதய டாக்டருக்கு உன் அம்மா விழுந்ததே தெரியாது. கம்பெனி ஆபீஸ், ஆஸ்பத்திரியில் என்ன எழுதிக் கொடுத்தார்களோ அதைத் தவறாமல் கொடுத்தது. கவிதா, கம்பெனி கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கும் என்று நினைத்தாள். நீ பச்சைக் குறியைப் பார்த்தாய். நான் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு முதலில் அவள் கால் வீங்கியது. அதை நான் நர்ஸ் பெண்ணிடம் காட்டினேன். ஆபரேஷன் செய்த கால் வீங்குவது சகஜம் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெண் காலுக்கு அடியில் தலையணை வைத்து உயர்த்தி, ஆபீசுக்கும் சொன்னாள். பிறகு இருமல் வந்தது, வறட்டு இருமல், படுத்தால் அதிகம். அதை நான் கவிதாவிடம் போனில் சொன்னேன். பனிக் காலம், ஊரெல்லாம் சளி. அவள் இருமல் மருந்து வாங்கி பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். நான் தார் ரோட்டில் நின்று வாங்கிக்கொண்டு வந்தேன். அப்புறம் உன் அம்மாவால் சமமாகப் படுக்க முடியவில்லை. மூன்றாவது தலையணை கேட்டாள். அந்தச் சமயம் பார்த்து நீ வீடியோவில் வந்தாய். ஏன் அம்மா சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டாய். படுத்தால் தூக்கம் வரவில்லையாம் என்று உன்னிடம் சொன்னேன். ஆபரேஷன் வலி என்றுதான் நினைத்தேன், கவிதா சொல்லி வைத்தது எனக்கு நினைவுக்கு வரவில்லை. உனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த நாளே சேலத்திலிருந்து ஒரு கட்டில் வந்து இறங்கியது, பொத்தானை அழுத்தினால் தலைப்பக்கம் தானாக உயருகிற கட்டில்.

கால் வீங்கியதை ஒருத்தரிடம், இருமலை ஒருத்தரிடம், தலையணையை ஒருத்தரிடம். மூன்றும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று தெரிந்த ஒரே ஆள் உன் அக்கா. அவளிடம் நான் இருமலை மட்டும் சொன்னேன். எதையும் ஒளிக்கவில்லை. யார் எந்த நேரத்தில் கண்ணெதிரே இருந்தார்களோ அவர்களிடம் அப்போது தெரிந்ததைச் சொன்னேன். கேட்ட ஒவ்வொருவரும் சும்மா இருக்கவில்லை, கேட்டதற்குத் தக்கபடி உடனே செய்தார்கள். கட்டில் வந்த பிறகு உன் அம்மா தலையணையே கேட்கவில்லை. தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தோம், தூங்கினாள். உன்னிடம் வீடியோவில் கையைக் கூப்பிக் காட்டினாளே, நினைவிருக்கும். அந்த அடையாளம் கட்டிலுக்குள் மறைந்துபோயிற்று.

அன்று சனிக்கிழமை. காலையில் இட்லியில் பாதியைச் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றாள். கொஞ்ச நேரத்தில், "ஏனுங்க, அந்தச் சன்னலத் தொறந்து உடுங்க" என்றாள். சன்னல் திறந்துதான் இருந்தது. நான் எழுந்து போய் அதையே இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு வந்தேன். திரும்பிப் பார்க்கும்போது உதடு நீலமாக இருந்தது. நர்ஸ் பெண் ஆபீசுக்குப் போன் போட்டாள். ஆபீஸ் உனக்குப் போட்டது. நீ எனக்குப் போட்டாய். நான் கவிதாவுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், லைன் போகவில்லை, ஏனென்றால் நர்ஸ் பெண்ணும் அவளுக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் தார் ரோட்டில் நின்றுகொண்டு எந்தக் காடு என்று யாரைக் கேட்பது என்று தெரியாமல் ஹாரன் அடித்தது. அந்தப் பெண் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். சேலம் போகும் வழியெல்லாம் உன் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேசவில்லை. பேசுவதற்கு மூச்சு வேண்டுமே.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். எல்லாம் செய்து பார்த்தார். நடுவில் திரும்பி, "நீர் மாத்திரைய எப்ப நிறுத்துனீங்க?" என்று கேட்டார்.  கவிதா அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. நிறுத்தியிருக்கிறது என்பதையே அவள் அங்கேதான் கேள்விப்பட்டாள். மதியம் உன் அம்மா போய்விட்டாள். வெளியே வந்து சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டு கவிதா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "மூணாவது தலகாணி அம்மா எப்பங்கப்பா கேட்டாங்க?"

நான் சொன்னேன். தம்பி கட்டில் அனுப்புவதற்கு முதல் நாள், அதற்குப் பிறகு கேட்கவில்லை என்று சொன்னேன்.  அவளுக்கு முழுதும் விளங்கிவிட்டது. எனக்கு விளங்க அதற்குப் பிறகும் நாளாயிற்று. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "கட்டில் விசயத்த தம்பிகிட்டச் சொல்லாதீங்கப்பா. அவன் அவ்வளவு தூரத்துல தனியா இருக்கறான்" என்றாள்.

கருமாதி அன்று நீ கேட்டபோது அவளிடம் பதில் இருந்தது, சாமி. உன் கேள்விக்கு ஒரே வரியில், எல்லார் முன்னாலும், உன்னால் காலம் முழுக்க மறக்க முடியாத ஒரு பதிலை அவள் சொல்லியிருக்கலாம். அதனால்தான் பாத்திரத்தை வைத்துவிட்டு உள்ளே போனாள். சமையலறையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டதை மீறி இன்றைக்கு உனக்கு எழுதுகிறேன். பழியை அவளிடமிருந்து எடுத்து உன் தலையில் வைப்பதற்காக இல்லை. அது நல்ல கட்டில். கடைசி நாட்களில் உன் அம்மா தூங்கினாள் என்றால் அதனால்தான் தூங்கினாள். அதுவும் நிஜம், அதையும் வைத்துக்கொள். உன் மனசில் அக்கா பார்க்காமல் விட்டாள் என்று இருக்கிறதே, அது மட்டும் நிஜமில்லை. அவள் பார்க்கும்படி நாங்கள் யாரும் காட்டவில்லை.

இனி என் விஷயம். நாமக்கல்லில் நரம்பு டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார். இது குணமாகிற சீக்கு இல்லை, மெதுவாக ஏறும். நடை குறையும், விழுவேன், விழுங்குவது கஷ்டமாகும், புத்தியும் கொஞ்சம் தடுமாறலாம். மாத்திரை நேரம் தப்பினால் கை கால் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும் என்றார். எனக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு ஒருத்தர், புராஸ்டேட்டுக்கு ஒருத்தர் என்று இரண்டு டாக்டர் இருக்கிறார்கள். அவர்கள் கொடுப்பது இதற்கு ஆகுமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நீ மறுபடியும் கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறாய், அடுத்த மாதம் ஆள் வருமாம். கவிதா தன் வீட்டில் கீழ் அறையைக் காலி செய்து எனக்குக் கட்டில் போட்டுவிட்டாளாம். இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொல்கிறீர்கள். என்னை நடுவில் வைத்துக்கொண்டு, மறுபடியும் அதே மாதிரி. உங்கள் அம்மாவுக்காவது பக்கத்தில் நான் இருந்தேன். எனக்குப் புத்தி தடுமாறும்போது, எதை யாரிடம் சொன்னேன் என்பதே எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கவிதா வந்திருந்தாள். அம்மாவைப் பார்த்த மாதிரி எல்லாவற்றையும் நீயே கையில் எடுத்துக்கொள்கிறாயா கண்ணு என்று கேட்டேன். அவள் என் வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"என்னால முடியாதுங்கப்பா. சோறு போடறேன், துணி தொவைக்கறேன், மேலு காலு தொடைச்சு உடறேன். ஆனா ஒண்ணையும் உடாம நான் ஒருத்தியே தலையில வெச்சுக்கோணும்னா பயமா இருக்குதுங்க. ராத்திரி இன்னமும் தலகாணி கனவுதான் வருது."

அவளை நான் கட்டாயப்படுத்த மாட்டேன். நீயும் கட்டாயப்படுத்தக் கூடாது. அப்படியானால் மிச்சம் இருப்பது நீதான். தூரத்தில் இருக்கிறேனே என்று சொல்லாதே. எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கிறவன் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று இல்லை. என் காலைப் பிடித்துப் பார்க்க ஆள் இங்கே கிடைக்கும். வேண்டியது, பார்த்தது கேட்டது அத்தனையும் வந்து சேர ஒரே ஒரு காது. டாக்டர்கள் மூன்று பேருக்கும் உன் எண் தெரிய வேண்டும், ஒருத்தர் மாற்றியதை மற்றவர்களுக்கு நீ சொல்ல வேண்டும். நர்ஸ் வந்தால் அவள் உனக்குச் சொல்லட்டும், கவிதா பார்த்ததை உனக்குச் சொல்லட்டும், நானும் முடிகிறவரை உனக்கே சொல்கிறேன். பச்சைக் குறி வந்தால் மட்டும் போதாது. அப்பா எப்படி நடக்கிறார், என்ன சாப்பிட்டார், பேச்சு குழறுகிறதா என்று பார்த்தவளிடமே கேட்க வேண்டும். இது அலுப்பான வேலை, முடிவே இல்லாத வேலை, நான் போகிறவரைக்கும் போகும். இவ்வளவு செய்தும் நான் கெட்டுத்தான் போவேன், டாக்டர் அதில் ஒளிவுமறைவு வைக்கவில்லை. உன்னிடமும் நான் வைக்கவில்லை. நான் கேட்பது நீண்ட ஆயுசு இல்லை. எதனால் போகிறேன் என்று தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான். உன் அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை.

உன் அக்காவிடம் பேசாமல் இதில் ஒரு அடிகூட உன்னால் எடுத்து வைக்க முடியாது. வருஷக்கணக்கில் அவள் தெரிந்துகொண்டதைக் கேட்டு வாங்க வேண்டும். இந்த முறை கேட்டு வாங்கு. தம்பி போன் பண்ணினால் பேசுவாயா என்று அவளிடம் கேட்டுவிட்டேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. சாயங்காலம் லாரி ஆபீசிலிருந்து வந்து, விளக்கு வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள், அந்த நேரத்துக்குக் கூப்பிடு. மன்னிப்புக் கேட்டு ஆரம்பிக்காதே, அழுதுவிடுவாள், நீயும் அழுவாய், இரண்டு பேரும் போனை வைத்துவிடுவீர்கள். அப்பாவுக்குக் காலையில் என்னென்ன மாத்திரை அக்கா என்று கேள். அதற்கு அவள் பதில் சொல்வாள்.